80களின் பள்ளிக்கூடக் காதல் படங்களில் பள்ளிக்கூடம் எங்கே போனது?

மாட்டுங்கா_மூணாம்மாடி:

போன ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. பம்பாய் ஹார்பர் லைன் ரயில் நின்றுவிட்டது, அண்ணன் பேத்தி எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டாள். ஒன்பதாவது படிக்கிறவள். "எங்க காலத்து ஸ்கூல் லவ் படம் ஒண்ணு காட்டறேன், போனைக் கீழே வை" என்று சொல்லி 'பன்னீர் புஷ்பங்கள்' போட்டேன். சந்தானபாரதியும் பி. வாசுவும் பாரதி-வாசு என்ற பெயரில் சேர்ந்து எடுத்த முதல் படம், 1981. சுரேஷ், சாந்தி கிருஷ்ணா, ஊட்டி, யூனிஃபார்ம், இளையராஜா. உமா ரமணன் 'ஆனந்த ராகம்' ஆரம்பித்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது குழந்தை கேட்டாள்: "தாத்தா, இவங்களுக்கு டியூஷனே கிடையாதா?"

அன்றிலிருந்து இதே யோசனைதான். ஊட்டியில் பள்ளிக்கூடம் இருக்கிறது, வாத்தியாராகப் பிரதாப் போத்தன் இருக்கிறார். ஆனால் எனக்கு நினைவிருப்பதெல்லாம் பனியும் மரங்களும்தான். கரும்பலகையில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

இன்னொன்று. நான் எஸ்.எஸ்.சி., அதாவது பத்தாவது பரீட்சை, எழுதியது 1983 மார்ச்சில். இங்கே பத்தாவதோடு பள்ளிக்கூடம் சரி, பதினோராவதுக்கு ஜூனியர் காலேஜ். ஜூனில் ரிசல்ட் வந்தது, மழை விடுவதற்குள் நான் கலர் டிரஸ் போட்டுக்கொண்டு காலேஜ் கான்டீனில் கட்டிங் சாய் குடித்துக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டில் 1978ல் பிளஸ் டூ வந்ததால் பதினேழு வயசுப் பையனும் அங்கே யூனிஃபார்மில் இருப்பான். லீவுக்கு ஊருக்குப் போனால் சித்தப்பா பையன் என்னைப் பொறாமையோடு பார்ப்பான். நான் இந்தப் படத்தைப் பார்த்து அவனைப் பொறாமையோடு பார்ப்பேன். வாத்தியார் கண்ணில் மண்ணைத் தூவிக் காதலிப்பதில் இருக்கும் திகில் எனக்குக் கிடைக்கவே இல்லை. எங்கள் காலேஜில் யாரும் எங்களைக் கவனிக்கவே இல்லையே!

கேள்வி இதுதான்: அந்தக் காலப் படங்களில் உண்மையிலேயே பள்ளிக்கூடம் இருந்த படம் எது?

அரோரா_பால்கனி:

மூணாம்மாடி, நல்ல நூலைப் பிடித்து இழுத்திருக்கிறீர்கள்.

1981 ஒரு வருஷத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியில் குமார் கௌரவ் நடித்த 'லவ் ஸ்டோரி'. பாலசந்தரின் 'ஏக் தூஜே கே லியே'. தமிழில் 'பன்னீர் புஷ்பங்கள்', பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை'. ஒரே வருஷத்தில் நாலு! கிங்ஸ் சர்க்கிளில் அரோரா தியேட்டர் வாசலில் நிற்கிற பதினாறு வயசுப் பையன் வேறு என்னதான் ஆவான், சொல்லுங்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில்: 'அலைகள் ஓய்வதில்லை'யில் பள்ளிக்கூடம் இருக்கிறது. எங்கே? கார்த்திக்கின் அம்மாவாக வரும் கமலா காமேஷ் வீட்டில். ராதா பாட்டுக் கற்றுக்கொள்ள அங்கேதானே வருகிறாள். நம் ஊரில் பெண்ணும் பையனும் ஒரே கூரையின் கீழ் உட்கார ஒரு காரணம் வேண்டும், பாட்டு வகுப்பு ஒரு காரணம். மாட்டுங்காவில் வளர்ந்த எவனுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அக்காவைப் பாட்டு கிளாஸில் கொண்டுபோய் விடுகிற சாக்கில் வாசலிலேயே ஒரு மணி நேரம் நின்ற தம்பிமார் எத்தனை பேர்! அவர்களில் ஒருவன் இதை எழுதிக்கொண்டிருக்கிறான். ஒரு பிரயோஜனமும் இல்லை, ஆனால் ஸரளி வரிசை மனப்பாடம் ஆனது.

கூடுதலாக ஒரு வயிற்றெரிச்சல். 'புத்தம் புது காலை' பாட்டை ரிகார்டில் கேட்டுக் கேட்டுத் தேய்த்துவிட்டு, படத்தில் எப்போது வரும் வரும் என்று காத்திருந்தோம். வரவே இல்லை. ரிகார்டில் மட்டும்தான் இருந்தது. பக்கத்து ஸீட்டுக்காரர் ஆபரேட்டர் ரீலை வெட்டிவிட்டான் என்று சண்டைக்கே போனார்.

சயான்_கோலிவாடா:

அந்தப் பக்கத்து ஸீட்டுக்காரர் எங்கள் மாமாவாகவும் இருக்கலாம். அவர் எல்லாப் படத்துக்கும் சண்டைக்குப் போவார்.

டோம்பிவிலி_ஃபாஸ்ட்:

அண்ணன்மார் இருவருக்கும் வணக்கம். நான் உங்களுக்குப் பின்னால் வந்தவன். இந்தப் படங்களை விட முன்னால் நான் பார்த்தது அமெரிக்கப் படங்கள். 1992 வாக்கில் பில்டிங்குக்குக் கேபிள் வந்தது, ராத்திரி சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தேன்.

உண்மையான பள்ளிக்கூடம் வேண்டுமானால் ஜான் ஹ்யூஸ் படங்களைப் பாருங்கள். 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்', 1985. கதை என்று ஒன்றும் கிடையாது. தண்டனையாக ஐந்து பிள்ளைகளைச் சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லி லைப்ரரியில் உட்காரவைக்கிறார்கள். 'நான் யார்' என்று ஆயிரம் வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும். அவ்வளவுதான் படம். டூயட் இல்லை, மலை இல்லை. ஐந்து பேரும் ஒருத்தரை ஒருத்தர் குத்திக் கிழித்து, சாயங்காலம் ஆவதற்குள் அழுது முடிக்கிறார்கள். இத்தனைக்கும் அந்த லைப்ரரி ஒரு செட். இல்லினாயில் மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தின் ஜிம்முக்குள் போட்டது. போலி லைப்ரரியில் அசல் பள்ளிக்கூடத்தை எடுத்திருக்கிறார்கள்.

வயசையும் பாருங்கள். அதில் நடித்த மாலி ரிங்வால்டுக்குப் படம் பிடிக்கும்போது நிஜமாகவே பதினாறு. நம்ம 'ஏக் தூஜே கே லியே' வந்தபோது கமலுக்கு இருபத்தாறு.

அரோரா_பால்கனி:

தம்பி, கமல் வயசைப் பற்றிப் பேசினால் இழை ரத்தக்களறி ஆகிவிடும்.

'ஏக் தூஜே கே லியே' பள்ளிக்கூடப் படம் கிடையாது, சரி. ஆனால் பம்பாய்த் தமிழனுக்கு அது வேறு கணக்கு. அதுவரை இந்திப் படத்தில் தமிழன் என்றால் என்ன? நெற்றியில் பட்டை, 'அய்யய்யோ' என்று ஒரு கூச்சல், தியேட்டரே சிரிக்கும். 'படோசன்' மெஹ்மூத் ஞாபகம் இருக்கும். ஸ்கூலில் எங்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள், டப்பாவைத் திறந்தால் இட்லி இருந்தால் போச்சு. 1981ல் முதல் தடவையாக இந்தி தெரியாத ஒரு தமிழ்ப் பையன் கதாநாயகனாக நிற்கிறான். நின்றுபோன லிஃப்டுக்குள் இந்திப் படப் பெயர்களையே கோர்த்து ஒரு பாட்டுப் பாடுகிறான். அவனுக்குக் குரல் கொடுத்தது எஸ்.பி.பி., அந்தப் படத்தின் பாட்டுக்குத் தேசிய விருதும் வாங்கினார். அடுத்த வாரம் எங்கள் வகுப்புப் பஞ்சாபிப் பையன் என்னிடம் வந்து அந்தப் படத்தில் வரும் தமிழுக்கு அர்த்தம் கேட்டான். எங்களுக்கு அதுதான் காதல் படம். பெண்ணைப் பற்றியதே இல்லை.

டோம்பிவிலி_ஃபாஸ்ட்:

நீங்கள் சொன்னதும் உறைத்தது. ஹ்யூஸின் 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' (1984) படத்தில் ஓர் ஆசியப் பையன் வருவான். அவன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் பின்னணியில் ஒரு சேகண்டிச் சத்தம். சின்ன வயதில் நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். போன வருஷம் திரும்பப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. அது அவர்கள் ஊர் மெஹ்மூத்.

இன்னொரு வித்தியாசம் அப்பா அம்மா. அந்தப் படத்தில் அக்கா கல்யாண மும்முரத்தில் பெண்ணின் பதினாறாவது பிறந்தநாளையே வீட்டில் மறந்துவிடுகிறார்கள். படத்தின் சோகமே அதுதான். நம் வீட்டில் மறப்பதா? நாலு மணிக்கு வரவேண்டியவன் நாலே காலுக்கு வந்தால் சாலில் (எங்கள் வரிசை வீட்டுக் குடியிருப்பில்) ஐந்து வீட்டு வாசலில் ஆள் நிற்கும். அங்கே பெரியவர்கள் கண்டுகொள்ளவில்லை என்று அழுகிறார்கள், இங்கே கண்டுகொண்டுவிட்டார்கள் என்று ஓடுகிறார்கள்.

தொண்ணூறடிச்சாலை:

படித்துக்கொண்டே வந்தேன். ஜூனியர் காலேஜ், கான்டீன், லைப்ரரி, பாட்டு கிளாஸ். நல்லது.

நான் தாராவி. படித்தது மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். ஏழாவதோடு தமிழ் மீடியம் முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க இங்கிலீஷுக்கோ இந்திக்கோ தாவ வேண்டும். என்னோடு படித்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் ஏழாவதோடு நின்றார்கள். எட்டாவதில் நான் இரண்டு தடவை ஃபெயில், அப்புறம் தோல் பை தைக்கிற பட்டறை. ஆக ஹைஸ்கூல் காதல் என்று நீங்கள் பேசுவதில் எனக்கு முதலில் காதல் கண்ணில் படவில்லை, ஹைஸ்கூல்தான் பட்டது. ஒரு பொண்ணு பதினாறு வயசு வரைக்கும் புத்தகப் பையோடு போய்வருகிறாளே, அதுவே எங்களுக்கு சினிமா.

படம் பார்த்தது வாடகை வீடியோவில். தலைக்கு இரண்டு ரூபாய் வசூல் பண்ணி, டிவியும் டெக்கும் மூன்று கேசட்டும் எடுத்துவருவோம். டிரங்குப் பெட்டி மேல் டிவி, சந்து முழுக்க ஜனம், விடியவிடிய ஓடும். ஒன்று யாராவது கவனித்திருக்கிறீர்களா? வாடகைக் கேசட்டில் எல்லோரும் ரீவைண்ட் பண்ணிப் பண்ணிப் பார்த்த இடம் தேய்ந்துபோய் வெள்ளைக் கோடாக ஓடும். டிராக்கிங் திருகினாலும் நிற்காது. 'அலைகள் ஓய்வதில்லை' கேசட்டில் சண்டைக்காட்சி கண்ணாடி மாதிரி இருந்தது. 'காதல் ஓவியம்' பாட்டு முழுக்கக் கோடு. யார் முகமும் தெரியவில்லை. நாங்கள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு பாட்டு முழுவதும் சேர்ந்து பாடினோம்.

மாட்டுங்கா_மூணாம்மாடி:

தொண்ணூறடி அண்ணே, மன்னிக்கணும். நான் கேள்வி கேட்டபோது எல்லோருக்கும் பத்தாவது ஒன்று இருந்தது என்று நினைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

தொண்ணூறடிச்சாலை:

மன்னிப்பெல்லாம் எதுக்கு சார். என் பொண்ணு எம்.காம். முடிச்சிட்டா. நீங்க பேசுங்க.

செம்பூர்க்காரி:

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டு படித்தேன். எந்தப் பாட்டு, எந்தத் தியேட்டர், எந்தக் கேசட். ஒருத்தராவது அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசினீர்களா?

இந்தப் படங்களில் விஷயம் வெளியே தெரிந்ததும் என்ன ஆகிறது என்று பாருங்கள். பையனுக்கு அடி விழும். அவன் அந்த அடியோடு கதாநாயகன் ஆகிவிடுவான். பெண்ணுக்கு வெளியே போவது நிற்கும். 'அலைகள் ஓய்வதில்லை'யில் ராதா நடித்த மேரிக்கு ஓர் அண்ணன், தியாகராஜன், அவர் பார்வையிலேயே வீடு நடுங்கும். கடைசியில் இவன் பூணூலை அறுக்கிறான், அவள் சிலுவையைக் கழற்றுகிறாள், இருவரும் நடந்து போகிறார்கள், தியேட்டரில் கைதட்டல். நான் கைதட்டவில்லை. எங்கே போவார்கள்? ராத்திரி எங்கே படுப்பார்கள்? பெண்ணின் கல்யாண வயதைப் பதினெட்டு என்று 1978லேயே உயர்த்தியாயிற்று. யாராவது ஒரு பெரியவர் போலீஸில் எழுதிக் கொடுத்தால் மறுநாள் காலை அவள் வீட்டில் இருப்பாள், அந்த அண்ணனோடு.

செத்துப்போகிற முடிவு இதைவிட மோசம். 'ஏக் தூஜே கே லியே', அப்புறம் 1988ல் 'கயாமத் ஸே கயாமத் தக்', இரண்டிலும் இரண்டு பேரும் செத்துப்போகிறார்கள். எங்கள் செட்டில் எல்லோருக்கும் அழுகை. எனக்குக் கோபம். உயிரோடிருந்தால் பி.காம். முடித்திருப்பாள்.

சயான்_கோலிவாடா:

சினிமாவை சினிமாவாகப் பாருங்க மேடம். இன்னிக்கு இருக்கிற போக்ஸோ சட்டத்தை வெச்சுப் பார்த்தா ஒரு படமும் தேறாது.

செம்பூர்க்காரி:

2012 சட்டத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே. 1981ல் என்ன நடந்திருக்கும் என்றுதான் கேட்டேன். சினிமாவாகத்தான் பார்க்கிறேன். உங்களுக்கு அந்தக் கடற்கரையில் கார்த்திக் தெரிந்தார், எனக்கு மேரி தெரிந்தாள். ஒரே டிக்கெட்தானே வாங்கினோம்?

சயான்_கோலிவாடா:

அது சரி. பால்கனி டிக்கெட்டானு மட்டும் சொல்லுங்க.

செம்பூர்க்காரி:

ஸ்டால்.

மட்டுறுத்துநர்:

சயான், போதும். கமல் வயது குறித்து வந்த பதினோரு பதில்களை நீக்கியிருக்கிறேன்.

டோம்பிவிலி_ஃபாஸ்ட்:

செம்பூர் அக்கா சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு. 'பிரிட்டி இன் பிங்க்' (1986) எழுதியதும் ஹ்யூஸ்தான். ஏழைப் பெண், பணக்காரப் பையன், கூடவே சுற்றுகிற ஏழைத் தோழன். முதலில் எடுத்த முடிவில் அவள் தோழனோடுதான் சேர்கிறாள். சோதனைக் காட்சி பார்த்த ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை, முடிவை மாற்றிப் பணக்காரப் பையனிடம் அனுப்பிவிட்டார்கள். அங்கே ஜாதி பூணூலில் இல்லை, காரிலும் வீட்டு விலாசத்திலும் இருக்கிறது. முடிவைத் தீர்மானிப்பது மட்டும் எந்த ஊரிலும் அந்தப் பெண் இல்லை போலிருக்கிறது.

மாட்டுங்கா_மூணாம்மாடி:

சரி, நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கும் ஒரு கதை உண்டு. பத்தாவதில் ஜியாமெட்ரி நவ்நீத் டைஜஸ்டுக்குள் (அதுதான் எங்கள் ஊர் கைடு) ஒரு சீட்டு வைத்து ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். சீட்டில் ஒரு பாட்டின் முதல் வரி, அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து டைஜஸ்ட் திரும்ப வந்தது. சீட்டு வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் நான் தப்பாகப் போட்டிருந்த தேற்றத்தை பென்சிலால் திருத்தியிருந்தாள். இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதா, இல்லை என்று எடுத்துக்கொள்வதா? நாற்பது வருஷமாகத் தெரியவில்லை.

அரோரா_பால்கனி:

உங்கள் கதையில்தான் ஐயா பள்ளிக்கூடம் இருக்கிறது.

செம்பூர்க்காரி:

அவள் புத்திசாலி. சீட்டைத் தொட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டும். தொடவில்லை. ஆனால் தேற்றம் தப்பாக இருந்தால் சும்மா விட முடியுமா?

என் கதையைக் கேட்பீர்கள் என்று தெரியும், நானே சொல்லிவிடுகிறேன். 1984. பத்தாவது. கணக்கு டியூஷனுக்கு நாலு தெரு தள்ளிப் போவேன். அங்கே ஒரு பையன். பேசியது மொத்தமாகப் பத்து வாக்கியம் இருக்கும், அதில் பாதி 'பேனா இருக்கா'. ஒரு நாள் கையில் ஒரு கேசட் திணித்தான். டிடிகே, அறுபது நிமிஷம். மேலே அழகான கையெழுத்தில் 'எம்.எஸ். பஜ கோவிந்தம்' என்று எழுதி ஒட்டியிருந்தான். உள்ளே 'புத்தம் புது காலை'யில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் பாட்டு. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் டூ இன் ஒன்னைக் காதருகே வைத்துக் கேட்பேன். முதல் பாட்டு முடிந்து இரண்டாவது தொடங்குவதற்கு நடுவில் ஒரு தொண்டைச் செருமல், அப்புறம் அவன் குரல்: "இது உனக்காக." மூன்றே நொடி. பின்னால் பிரஷர் குக்கர் விசில்கூடக் கேட்கும்.

இரண்டு வாரம் அந்தக் கேசட் மற்ற பக்திக் கேசட்டுகளோடு அலமாரியிலேயே இருந்தது. யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கு என் சாமர்த்தியத்தில் அவ்வளவு கர்வம்.

மாட்டுங்கா_மூணாம்மாடி:

ஐயோ. வெள்ளிக்கிழமையா?

செம்பூர்க்காரி:

வெள்ளிக்கிழமைதான். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அம்மா அந்தக் கேசட்டை எடுத்துப் போட்டாள். நான் கணக்கு நோட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்கக் கால் வரவில்லை. பாட்டு ஆரம்பித்தது. அம்மா நிறுத்தவில்லை. மடியில் பூத்தொடுத்துக்கொண்டே முழுப் பாட்டையும் கேட்டாள். பாட்டு முடிந்தது. செருமல் வந்தது. "இது உனக்காக" வந்தது. குக்கர் விசில் வந்தது.

அம்மா கை நீட்டி நிறுத்தினாள். "ஜானகி நன்னாப் பாடியிருக்கா" என்றாள். பூவை முடிந்து படத்துக்குச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமையிலிருந்து டியூஷன் இல்லை. அப்பாவுக்குச் சொல்லவில்லை, அண்ணாவுக்கும் சொல்லவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அம்மாவே என்னோடு உட்கார்ந்தாள். அவள் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். டைஜஸ்டில் விடையைப் பார்த்து, நான் போட்டது சரியா என்று ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துச் சரிபார்ப்பாள். கணக்கில் எனக்கு நூற்றைம்பதுக்கு நூற்றிருபத்தொன்பது.